முப்பத்தெட்டாம் நம்பர் பெட்டி

பீளமேட்டில் பழைய பஞ்சாலை ஒன்றின் குடோன் இருந்த இடத்தில் இப்போது சமகாலக் கலைக்கூடம் இருக்கிறது. ஆட்டோக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் வண்டி நகராது. "ஒண்ணும் புரியாத பில்டிங்" என்றால் நேராகக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடுவார்கள். அந்த ஒன்றும் புரியாத பில்டிங்கில் எல்லாம் புரிந்தவள் மாதிரிப் பேசுகிறவள் செவ்வந்தி. அவளுக்கும் பாதிதான் புரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வாசலைத் தாண்டியதும் வலது கைப் பக்கம் அவளுடைய மேசை. மேசைக்குப் பின்னால் அறுபது பொந்து வைத்த இரும்பு அலமாரி. ஒவ்வொரு பொந்திலும் சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். பெட்டியைக் கழுத்தில் மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்து, சுவரில் போட்டிருக்கும் எண்ணைத் தட்டினால் அந்தப் படத்தைப் பற்றியோ சிலையைப் பற்றியோ ஒரு குரல் சொல்லும். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பெட்டியைக் கொடுப்பது, திரும்பி வந்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் பொந்தில் சொருகுவது, இதுதான் வேலை. அந்தக் குரலும் அவளுடையதுதான்.

முதலில் சென்னையிலிருந்து ஒருவர் பேசி அனுப்பியிருந்தார். பிசிறில்லாத தமிழ். கேட்டவர்கள் இரண்டாவது அறைக்குப் போவதற்குள் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். "ஏனுங்க, இது நம்மளத் திட்டற மாதிரியே இருக்குதுங்களே" என்றார் சென்னிமலையிலிருந்து வந்த பெட்ஷீட் வியாபாரி ஒருவர்.

"அவரு திட்டலீங்ண்ணா. கடலோரத்து ஆளு, உப்புக்காத்துல கொரல் அப்படி ஆயிப்போச்சு. வாங்க, நானே சொல்றேன்" என்று செவ்வந்தி அவரை முதல் அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

கலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லோகப்பிரியா மேடம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். லண்டனில் படித்துவிட்டு வந்தவர், முப்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்த வாரமே சாமான்கள் வைக்கும் அறையில், எதிரொலி வராமல் இருக்க நாலு சுவரிலும் சென்னிமலைப் பெட்ஷீட் தொங்கியது. அதே வியாபாரியிடம் வாங்கியதுதான். நாலு நாள் அந்தப் பெட்ஷீட்டுகளுக்கு நடுவில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்து, நாற்பத்திரண்டு எண்களுக்கும் செவ்வந்தி பேசி முடித்தாள்.

அதற்குப் பிறகு பெட்டிகள் பாதியில் திரும்பி வரவில்லை. வேறொரு சங்கடம் வந்தது. ஜனங்கள் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். "இப்படி வலது பக்கமா வாங்க" என்று காதில் கேட்டால் "வாரனுங்க" என்றார்கள். "இந்தப் படத்துல உங்களுக்கு என்னங்க தெரியுது?" என்றால் "எருமையாட்டம் தெரியுதுங்க" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்கள். அத்தனை மரியாதையாகக் கேட்கிற ஒருத்திக்குப் பதில் சொல்லாமல் எப்படி நகர்வது? சுற்றி முடித்து வெளியே வரும்போது மேசையில் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அட, நீங்கதானா அது!" என்பார்கள். செவ்வந்தி சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி நின்று, "நானேதானுங்க" என்பாள். சம்பள நாளைவிட அவளுக்குப் பிடித்த நேரம் அது.

அந்த நாற்காலியையும் சொல்ல வேண்டும். செவ்வந்தி சௌரிபாளையத்துப் பெண். ப்ளஸ் டூவில் கணக்கில் போனவள், மறுபடி எழுதிப் பார்த்தும் போனவள். பதினெட்டு வயதில் ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்கு நின்றாள். நின்றாள் என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. காலை ஒன்பதரைக்கு நின்றால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஸ்டூல் கிடையாது. ஏழு வருஷத்தில் முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சைப் பாம்பு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. குரல் நன்றாக இருக்கிறது என்று மைக்குக்கு மாற்றினார்கள்; அதையும் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். கால் வலித்தால் வாய்க்கு வேலை கொடுப்பது அவள் பழக்கம்.

ஓர் ஆடி மாதம் கூட்டம் நெரிந்த நாளில், "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாள். "இரண்டாவது மாடியில் ஊதாச் சட்டை போட்ட மாமா ஒருவர் தொலைந்துபோய் நிற்கிறார். அவர் வீட்டம்மா இன்னும் தேடவில்லை. அவசரமில்லைங்க, சேலை எடுத்துப்போட்டே வரலாம்." கடையே சிரித்தது. ஊதாச் சட்டை மாமாகூடச் சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. தள்ளுபடி முடிந்த மறுநாள் அவளை இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஆகவே கலைக்கூடத்தில் முதல் நாள், "உக்காருங்க, இதுதான் உங்க சீட்" என்று நாற்காலியைக் காட்டியபோது அவள் நம்பவில்லை. யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்று பத்து நாள் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மேசை இழுப்பறையில் கையடக்க மைக் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் அதில் பேசலாம், எல்லாப் பெட்டியிலும் கேட்கும். ஒரு பெட்டியின் எண்ணைத் தட்டிவிட்டுப் பேசினால் அந்தப் பெட்டியில் மட்டும் கேட்கும். பதிவான குரலும் அவளுடையது, மைக்கில் வருவதும் அவளுடையது. கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. பக்கத்தில் காவலாளி அப்துல் வஹீதின் கேமராத் திரை வேறு. ஒன்பது கட்டத்தில் ஒன்பது அறை. சத்தம் வராது, படம் மட்டும். இப்படியொரு ஏற்பாட்டைச் செவ்வந்தியின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தது யார் குற்றம்?

ஒருநாள் இன்ஜினியரிங் காலேஜ் பையன் ஒருவன் ஐந்தாம் அறை மூலையில் இருந்த நீல வாளியையும் அதில் சாய்ந்திருந்த மாப்பையும் நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். மண்டியிட்டு வேறு எடுத்தான். அவன் காதில் குரல் வந்தது. "தம்பி, அதுக்கு நம்பர் கிடையாதுங்க. அது மாரியக்காவோட வாளி. உங்களுக்குப் பின்னாடிதான் நிக்கறாங்க, குடுத்துருங்க." பையன் துள்ளித் திரும்பினான். உண்மையாகவே மாரியாத்தாள் நின்றிருந்தாள். தம்பி எடுத்து முடிக்கட்டும் என்று பத்து நிமிஷமாக.

மாரியாத்தாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆள் அனுப்பும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றின் மூலம் துப்புரவு வேலைக்கு வந்தவள். பெருந்துறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் பிறந்து, பண்ணாடி தோட்டத்தில் மஞ்சள் வெட்டியும் களை எடுத்தும் பாதி வயதைக் கழித்துவிட்டு, இருபது வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூருக்கு வந்தாள். நிலம் வைத்திருக்கிறவரை அந்தப் பக்கம் கூலியாட்கள் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மாரியாத்தாள் கலைக்கூடத்துக்கு வந்த மூன்று வருஷத்தில் அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டீ நேரத்தில் எல்லாரும் பெஞ்சில் இருக்க, அவள் தூணோரமாக நின்று ஊதி ஊதிக் குடிப்பாள்.

"உக்காருக்கா."

"இருக்கட்டும் கண்ணு."

"ஏன், நாற்காலி கடிக்குமா?"

"கடிக்காது. எனக்குத்தான் அது ஒத்து வராது."

"என்ற சீட்டுல உக்காந்து ஒரு சுத்து சுத்திப் பாருக்கா, ஊட்டிக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கும்."

"நீயே போயிட்டு வா. எனக்கு வர்க்கி வாங்கியா."

தினமும் இதே பேச்சுதான். ஒரே ஒரு நாள் மட்டும் மாரியாத்தாள் கூடுதலாகச் சொன்னாள். "பண்ணாடி ஊட்டு வாசல்ல கூலிக்கு நிக்கறப்ப உக்காரக் கூடாது. எங்கம்மாளும் நின்னா, நானும் நின்னேன். கால் அப்படியே பழகிப்போச்சு அம்மணி. இப்ப உக்காருன்னா முட்டி மடங்க மாட்டேங்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "முட்டிக்கு எண்ணெய் போடோணும்" என்று செவ்வந்தியும் சிரித்தாள். சிரித்த பிறகு மேசைக்கு அடியில் தன் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இந்த அக்காவை ஒருநாளாவது உட்காரவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். அதை நல்ல காரியம் என்றுதான் நினைத்தாள்.

மூன்றாம் ஆண்டு விழா ஒரு திங்கட்கிழமை வந்தது. திங்கள் கலைக்கூடத்துக்கு விடுமுறை. லோகப்பிரியா மேடம் எல்லாரையும் வரச் சொல்லி, "இன்னைக்கு யாரும் வேலை செய்யக் கூடாது. நீங்கதான் விசிட்டர்ஸ்" என்றார். காவலாளி, தோட்டக்காரர், டிக்கெட் கொடுப்பவர், அலுவலக மேலாளர் நஞ்சுண்டன் சார் உட்பட எல்லார் கழுத்திலும் பெட்டி ஏறியது. மாரியாத்தாள் பட்டு பார்டர் வைத்த சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து வந்திருந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள்.

"எனக்கெதுக்கு கண்ணு? தெனமும் பாக்கறதுதானே."

"தெனமும் தரையைத்தான் பாத்தே. இன்னைக்குத் தலையத் தூக்கிப் பாருக்கா." முப்பத்தெட்டாம் நம்பர் பெட்டியை எடுத்துச் செவ்வந்தி அவள் கழுத்தில் மாட்டினாள்.

வஹீதும் உள்ளே போயிருந்ததால் திரைக்கு முன்னால் செவ்வந்தி மட்டும்தான். கட்டம் கட்டமாக மாரியாத்தாள் நகர்வதைப் பார்த்தாள். உதடு அசைந்தது, பெட்டிக்குப் பதில் சொல்கிறாள். எருமைப் படத்துக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாம் அறையில், பதினோராம் எண்ணுக்கு முன்னால் வந்து நின்றாள்.

பதினொன்று ஒரு முக்காலி. பெங்களூர்க் கலைஞர் ஒருவர் பச்சைக் களிமண்ணில் வைக்கோல் பிசைந்து செய்தது, ஒரு முழ உயரம்கூட இருக்காது. சூளையில் வைத்துச் சுடாத மண். சுற்றிலும் தரையில் வெள்ளைக் கோடு. எதிரே, பார்க்க வருகிறவர்கள் உட்கார மெத்தை வைத்த நீளமான கறுப்பு பெஞ்ச். அந்தப் பதிவு நாலு நிமிஷத்துக்கு மேல் ஓடும். மாரியாத்தாள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள். அந்த மாற்றம் எப்பேர்ப்பட்ட வலியில் வருவது என்று செவ்வந்திக்குத் தெரியும்.

இழுப்பறையைத் திறந்தாள். மைக்கில் முப்பத்தெட்டைத் தட்டினாள்.

"மாரியக்கா, நின்னது போதும்ங்க. கால் வலிக்கும். சித்த நேரம் உக்காந்து பாருங்க."

திரையில் மாரியாத்தாள் திடுக்கிட்டு நாலு பக்கமும் பார்த்தாள். உதடு அசைந்தது. இருக்கட்டுங்க என்றுதான் சொல்லியிருப்பாள்.

"ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உக்காருங்க மாரியக்கா."

மாரியாத்தாள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போனாள். செவ்வந்தி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். மாரியாத்தாள் சேலைத் தலைப்பால் பெஞ்சை ஒரு துடை துடைத்தாள். பழக்கம். ஆனால் உட்காரவில்லை. திரும்பினாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டினாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

பெஞ்ச் விருந்தாளிகளுடையது, தினமும் மூன்று தடவை அவள் துடைத்து வைப்பது. அந்த அறையில் தாழ்வாக, மண்ணாக, தன் உயரத்துக்கு இருந்தது அது ஒன்றுதான். உட்காரச் சொன்னால் எதில் உட்கார வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் அவள் உட்கார்ந்திருந்தாள். கைகளை மடியில் வைத்து, முகத்தைத் தூக்கி, எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி. பிறகு முக்காலியின் ஒரு கால் உதிர்ந்தது. அவள் பக்கவாட்டில் சரிந்து விழுந்தது சத்தமே இல்லாமல் திரையில் தெரிந்தது.

செவ்வந்தி மைக்கை உள்ளே வைத்து இழுப்பறையை மூடிவிட்டு ஓடினாள். முதலில் மூடினாள், பிறகுதான் ஓடினாள். பின்னால் எத்தனையோ தடவை இதை நினைத்துப் பார்த்திருக்கிறாள். எப்படி நினைத்தாலும் அந்த வரிசை மாறவில்லை.

விசாரணை நஞ்சுண்டன் சாரின் அறையில் நடந்தது. மாரியாத்தாள் இடுப்பில் ஒரு கையை வைத்தபடி நின்றாள். சேலையின் பின்பக்கமெல்லாம் மண்.

"என்ன மாரியாத்தா, மூணு வருஷமா அதைச் சுத்தித் தொடைக்கறே. கோடு போட்டிருக்கறது தெரியாதா?"

"தெரியுமுங்க. பொட்டியில உக்காரச் சொல்லுச்சுங்க."

"பொட்டியில ஆரு சொன்னது?"

"செவ்வந்தி கொரலுங்க."

நஞ்சுண்டன் சார் ஒரு பெட்டியை எடுத்து, ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பதினொன்றைத் தட்டினார். "இந்த வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கமாவே நின்னு பாருங்க" என்றது செவ்வந்தியின் குரல். ஓட விட்டார். நாலு நிமிஷமும் எல்லாரும் கேட்டார்கள். உட்காரச் சொல்லி எங்கேயும் இல்லை. கதவோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நஞ்சுண்டன் சார் திரும்பினார். "செவ்வந்தி, நீ மைக்கில ஏதாச்சும் பேசினயா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆமாங்க என்று சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குப் பண்ணிப்போட்டனுங்க என்று காலில் விழுந்திருக்கலாம். அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்ததோ ஜவுளிக்கடை மேனேஜரின் சிரிக்காத முகமும், ஏழு வருஷம் நின்ற அந்தச் சதுர அடியும்தான்.

"இல்லைங்க சார்."

மாரியாத்தாள் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் திட்டு எதுவும் இல்லை. எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. பிறகு மாரியாத்தாளே தலையைக் குனிந்து, "எனக்குத்தான் வயசாயிப்போச்சுங்க சார். காது என்னமோ சொல்லுதுங்க" என்றாள்.

அடுத்த நாள் ஒப்பந்தக் கம்பெனி வேறொரு பெண்ணை அனுப்பியது. காட்சிப் பொருளில் கை பட்டால் ஆளை மாற்றிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். லோகப்பிரியா மேடம் வருத்தப்பட்டார், இரண்டு தடவை போன் பேசிப் பார்த்தார், விட்டுவிட்டார். செவ்வந்தி நாற்காலியில் உட்கார்ந்து பெட்டிகளைத் துடைத்தாள். சுற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெங்களூர்க் கலைஞர் வீடியோவில் பேசினார். கோபித்துக்கொள்வார் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்தார்கள். அவருக்கானால் ஏக சந்தோஷம். மூன்று வருஷமாக ஓர் ஆள்கூட இதில் உட்காரவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தாராம். உடைந்த காலை ஒட்ட வேண்டாம், சிதறிய மண்ணைக்கூட எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும், இப்போதுதான் முடிந்திருக்கிறது என்றார். பதினொன்றுக்குப் புது வசனம் எழுதி வந்தது. பெட்ஷீட் தொங்கும் அறையில் செவ்வந்தி தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மூணு வருஷம் காலியா இருந்த இந்த முக்காலியில ஒருநாள் ஒரு பார்வையாளர் உக்காந்தாங்க" என்ற வரிக்கு வரும்போதெல்லாம் பாதியில் நிறுத்தினாள். ஒன்பது தடவை பேசி ஒன்பதும் வீணானது.

"தண்ணி குடிங்க செவ்வந்தி" என்றார் மேடம்.

"பார்வையாளர்னு சொல்லாம, மாரியக்கான்னு பேரு சொல்லலாங்களா மேடம்?"

"அவங்க சம்மதிச்சா தாராளமா."

மாரியாத்தாளைப் பார்க்கப் போவதற்கு அத்தனை நாளாகச் செவ்வந்திக்குத் துணிவு வரவில்லை. இப்போது ஒரு சாக்குக் கிடைத்தது. மாரியாத்தாள் பெருந்துறையில் மகள் வீட்டோடு போய்விட்டாள் என்று வஹீது விலாசம் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் ஈரோடு பஸ் ஏறினாள். மடியில் ஒரு வர்க்கிப் பொட்டலம். அவினாசி தாண்டும்வரை எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து வேடிக்கையான வழிகளை யோசித்து வைத்தாள்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. மாரியாத்தாள் அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போகிறாள். அன்றைக்கு மத்தியானம்தான் வேலை. வாசலில் இவளைக் கண்டதும், "அட, வா கண்ணு!" என்று உள்ளே போய் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்தாள். நடை கொஞ்சம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நாற்காலியைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். "உக்காரு. எத்தன தூரம் வந்திருக்கறே."

செவ்வந்தி உட்கார்ந்தாள். மாரியாத்தாள் நின்றாள். செவ்வந்தி பொட்டலத்தை நீட்டினாள்.

"ஊட்டிக்குப் போயிட்டு வந்தயாக்கும்?"

"இல்லக்கா. பீளமேட்டு பேக்கரிதான்."

"அதான பாத்தேன்." இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தபோது யோசித்து வைத்த வழிகளில் ஒன்றுகூடச் செவ்வந்தியின் வாயில் இல்லை.

"அக்கா, அன்னைக்கு மைக்கில பேசினது நாந்தான்."

"தெரியும் கண்ணு."

"தெரியுமா?"

"பொட்டிக்குள்ள இருக்கறவளுக்கு என்ற பேரு எப்படித் தெரியும்? மாரியக்கான்னு கூப்பிட்டயே." மாரியாத்தாள் வர்க்கிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தாள். "கேட்டப்பவே தெரியலே, பொறவு தெரிஞ்சுது. ஆபீஸ் ரூம்புல அந்தப் பதிவு ஓடறப்ப, அதுல பேரே வரலையேன்னு."

"அப்பறம் ஏன்க்கா சார்கிட்டச் சொல்லலே?"

"நீ சொல்லுவேன்னு நின்னேன். சித்த நேரம் நின்னேனே, பாத்தயில்ல? நீ இல்லைன்னுபோட்டே. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்லறது?"

நாலு வார்த்தை திட்டியிருந்தால் செவ்வந்தி திருப்பி ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள்.

"நாளைக்கே போயிச் சொல்லிப்போடறேன்க்கா. நீ திரும்பி வந்துரு."

"இனி எதுக்கு? மகளும் இங்க இருக்கறா. கேன்டீன் பக்கத்துலயே."

"அப்பன்னா அந்தப் பதிவுல உன்ற பேரையாச்சும் சொல்றேன். மேடம் செரின்னுட்டாங்க. இன்னாரு உக்காந்தாங்கன்னு வர்றவங்க எல்லாருக்கும் தெரியட்டும்."

"வேண்டாம்." மாரியாத்தாள் வேகமாகச் சொன்னாள். "அதுல ஒருக்கா என்ற பேரைக் கூப்பிட்டது போதும்."

தெருவில் தண்ணி லாரி வந்து ஹாரன் அடித்தது. குடங்கள் ஓடின. மாரியாத்தாள் ஒரு வர்க்கியை உடைத்துப் பாதியைச் செவ்வந்தி கையில் வைத்தாள்.

"முக்காலிய என்ன பண்ணினாங்க?"

"அப்படியேதான் வெச்சிருக்காங்க. மண்ணைக்கூட எடுக்கலே."

"கூட்டாமயா? எறும்பு ஏறுமே." கொஞ்சம் யோசித்தாள். "புதுசா வந்திருக்கறவகிட்டச் சொல்லி வை. ஓரத்துல ஈர மாப்பு போட்டுறப் போறா, கரைஞ்சிரும். காஞ்ச துணிதான்." பிறகு வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி, "உக்காந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

பஸ் ஸ்டாப்புவரை கூடவே வந்தாள். அங்கே சிமெண்ட் பெஞ்ச் காலியாகக் கிடந்தது. இரண்டு பேரும் நின்றுகொண்டே பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை செவ்வந்தி மைக்கை எடுத்துக்கொண்டு போய் நஞ்சுண்டன் சார் மேசையில் வைத்தாள். முழுதும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எனக்கும் அன்னைக்கே சந்தேகந்தான். கேட்டேன், இல்லைன்னே. நானும் அதோட உட்டுட்டேன்" என்றார். "இப்பச் சொல்லி என்ன அம்மணி பண்றது? ரிப்போர்ட் போயாச்சு. அந்தம்மாளும் வரமாட்டேங்குது. போ, போயிப் பொட்டிக்குச் சார்ஜ் போடு." மைக்கை பீரோவில் வைத்துப் பூட்டினார். அவ்வளவுதான். இத்தனை நாள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நாற்காலி இருந்தது, வேலை இருந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியும் கூடவே இருந்தது.

பதினொன்றைப் பத்தாவது தடவையில் பேசி முடித்தாள். பேர் இல்லை. "ஒருத்தர் இதுல உக்காந்தாங்க" என்று மட்டும்.

பதிவு ஓட ஆரம்பித்து ஒரு வாரம் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். போகாமல் நின்றார்.

"ஏனுங் கண்ணு, இந்தப் பதினொன்னு. மண்ணு ஒடைஞ்சதைச் சொல்றீங்க, கால் உதுந்ததைச் சொல்றீங்க. உக்காந்தவங்களுக்கு என்னாச்சுங்க? கீழ உழுந்தாங்களா? அடிகிடி பட்டுச்சுங்களா?"

செவ்வந்தியின் கையில் ஸ்பிரிட் பஞ்சு இருந்தது. மாரியாத்தாள் இடுப்பில் கை வைத்து நின்றதும், பெருந்துறை வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்து நாற்காலி போட்டதும் இப்போதுதான் பார்ப்பதுபோலத் தெரிந்தன. மன்னிப்புக் கேட்கத்தான் அத்தனை தூரம் போயிருந்தாள். வேலையைப் பற்றிப் பேசினாள், பேரைப் பற்றிப் பேசினாள், இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீங்கதானே அதுல பேசறது? உங்களுக்குத் தெரியுமில்லீங்க?" என்றார் அந்த அம்மா.

"நான் கேக்கவே இல்லீங்க" என்றாள் செவ்வந்தி.